வலி குறைந்தது, காரணம் ஊசி இல்லை: மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகான மூட்டுவலியில் அக்குபங்சர், ஒரு நிகழ்வு ஆய்வு

மத்தியத் தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு படித்தவள். அக்குபங்சர் எங்கள் பாடத்திட்டத்திலேயே உண்டு. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் முழங்கால், கழுத்து, இடுப்பு வலிக்காரர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். அவர்களில் ஒருவரைப் பற்றியது இது. அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். என் பக்கம் நடந்த ஒரு தவறு இதில் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இதைப் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

பின்னணி

61 வயது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2022 கடைசியில் இடது மார்பில் கட்டி தெரிந்து, காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன். மார்பை எடுத்ததோடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அப்புறம் கீமோ, அப்புறம் அவர் பாஷையில் "கரண்ட் வச்சாங்க", அதாவது கதிர்வீச்சு. எல்லாம் 2023 ஜூலையில் முடிந்தது. கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பி வளரும் வகை என்பதால் ஆகஸ்டிலிருந்து தினம் ஒரு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை, குறைந்தது 5 வருடம்.

இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கதையே இதைச் சுற்றித்தான். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுத்தமாக நின்றுவிடுவதில்லை. கொழுப்பு போன்ற திசுக்களில் அரோமட்டேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை அடைப்பவை. நோய் திரும்ப வராமல் தடுப்பதில் இவற்றின் பங்கு பெரியது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்குப் போவதால், சாப்பிடும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுவலி வருகிறது, முக்கியமாக விரல், மணிக்கட்டு, முழங்கால். கீமோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தவர்கள்கூட இந்தச் சின்ன மாத்திரையை வலி தாங்காமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இவருக்கு வலி தொடங்கியது மூன்றாவது மாதத்தில். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் சொல்ல, இவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் தன் கழுத்து வலிக்கு என்னிடம் வந்து போனவர். அவர் சொல்லித்தான் 2024 மார்ச் இரண்டாவது வாரம் மருமகளோடு வந்தார்.

முதல் நாள் பார்த்தது

காலையில் எழுந்ததும் நாற்பது நிமிடம் போல விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை, ஜாக்கெட் ஊக்கு மாட்ட மருமகள் வர வேண்டும். வலது மோதிர விரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் எடுத்துவிட்டால் டக்கென்று நிமிரும். பூஜ்யத்திலிருந்து 10 வரை வைத்துக் கேட்டபோது, கடந்த ஒரு வாரத்தில் மோசமான வலிக்கு 7 கொடுத்தார். கால்விரல் நுனிகளில் கீமோ விட்டுச்சென்ற மரத்த உணர்வும் இருந்தது.

கையை மூடச் சொன்னேன். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் என்னுடைய இரண்டு விரல் நுழைந்தது. பிடியின் பலம் பார்க்க என்னிடம் தனிக் கருவி கிடையாது, பி.பி. பார்க்கும் பட்டையைச் சுருட்டி, 20 வரை காற்றடித்து, கையில் கொடுத்து அமுக்கச் சொல்வேன், முள் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் கணக்கு. வலது கையில் 62 வந்தது. நான் அமுக்கினால் 200 தாண்டும். இடது கையில் கொடுக்கப் போனபோது சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இந்தக் கையில பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாதுன்னு அங்க சொல்லியிருக்காங்க டாக்டரம்மா."

சரியாகத்தான் சொன்னார். நெறிக்கட்டி எடுத்த பக்கத்தில் கை வீங்கிவிடும் ஆபத்து உண்டு. பட்டையைக் கட்டப் போவதில்லை, பிடித்து அமுக்கினால் போதும் என்று விளக்கிய பிறகுதான் கையை நீட்டினார். அன்றைக்கு இதைப் பார்த்து, சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிற ஆள், இவரோடு வேலை செய்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். பாதிதான் சரியாக நினைத்திருக்கிறேன் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஆறேழு வாரமாக நடு முதுகில் ஒரே இடத்தில் வலி, ராத்திரி படுத்தால் அதிகம்.

ஊசி போடாமல் விட்ட இரண்டு வாரம்

அன்றே ஊசி போடுவேன் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்கள். மருமகள் அரை நாள் லீவு போட்டிருந்தார். நான் போடவில்லை.

லெட்ரோசோல் தரும் வலி பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அசையாமல் இருந்தால் கூடும், நடமாடினால் கொஞ்சம் தளரும். கை வலி அந்தக் கணக்கில் சரியாக வந்தது. முதுகு வலி வரவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு முதுகெலும்பில் ஒரே இடத்தில், இரவில் கூடுகிற புது வலி என்றால், நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் அங்கே கை வைக்கக் கூடாது. ஊசி போட்டு வலி அடங்கிவிட்டால் அது இன்னும் மோசம், கண்டுபிடிப்பது மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

அவருடைய புற்றுநோய் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: கைகளில் நான் பார்த்தது, முதுகு வலி விவரம், துணைச் சிகிச்சையாக அக்குபங்சர் தர நினைப்பது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா. அவர் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை, எலும்பு ஸ்கேன், எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி எல்லாம் எடுத்தார். பரவல் இல்லை, முடக்குவாதமும் இல்லை. ஆனால் முதுகெலும்பின் அடர்த்தி எலும்புப்புரை அளவுக்குக் குறைந்திருந்தது, வைட்டமின் டி 14 தான். கால்சியமும் வாரம் ஒரு வைட்டமின் டி-யும் ஆரம்பித்து, பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஜூனில் எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரோனிக் ஆசிட் மருந்தை ஊசியாகப் போடலாம் என்று முடிவு செய்தார். என் கடிதத்தின் ஓரத்திலேயே பதில் எழுதியிருந்தார்: லெட்ரோசோல் தொடர்கிறது, அக்குபங்சர் கொடுக்கலாம், இடது கையைத் தவிர்க்கவும்.

"லெட்ரோசோல் தொடர்கிறது" என்ற அந்த வரியைப் படித்தேன், ஃபைலில் வைத்தேன். நோயாளியிடம் கேட்கவில்லை.

முதல் நான்கு சிட்டிங்

வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் என்று திட்டம். இந்த அளவை நானாகப் போடவில்லை. இதே மாத்திரை தரும் இதே வலிக்கு அமெரிக்காவில் 11 மையங்களில் 226 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. உண்மையான அக்குபங்சர் ஒரு குழுவுக்கு, போலி ஊசி இன்னொன்றுக்கு, மூன்றாவது குழு காத்திருப்புப் பட்டியலில். அதில் முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு முறைதான். ஆறு வார முடிவில் மோசமான வலி உண்மையான ஊசிக் குழுவில் சராசரியாக 2 புள்ளி குறைந்தது, மற்ற இரண்டிலும் 1 புள்ளி. வித்தியாசம் இருக்கிறது, பெரிதில்லை. 2022-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த மூட்டுவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கிறது.

அம்மாவிடம் இதை இப்படிச் சொன்னேன்: "ஏழு இருக்கிற வலி அஞ்சாகலாம். சுத்தமாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். இது புற்றுநோய்க்கு மருந்து இல்ல, வலிக்கு ஒரு கைத்தாங்கல்." தலையாட்டினார்.

இடது கையில் ஒரு ஊசியும் இல்லை. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, முன்கை வெளிப்பக்கத்தில் ஒன்று, இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், கணுக்காலுக்கு மேலே உட்பக்கம், இரண்டு காதுகளிலும். எல்லாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள், கால் மில்லிமீட்டர் தடிமன். பாதத்தில் உணர்வு குறைவு என்பதால் அங்கே மேலோட்டமாக மட்டும். போடும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று வாய்விட்டு எண்ணுவேன். மரத்துப்போன காலில் ஒரு ஊசி விட்டுப்போனால் அவருக்கே தெரியாது. ரத்தத் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தாலோ, கீமோ ஓடிக்கொண்டிருந்து வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தாலோ நான் ஊசியே எடுப்பதில்லை. இவருக்குத் தட்டணுக்கள் 2.4 லட்சம், கவலையில்லை. இடது கைக்கு, இளஞ்சூடான தண்ணீரில் காலையில் பத்து நிமிடம் விரல் பயிற்சி.

நாலாவது சிட்டிங்குக்கு வந்தபோது வலி 3. கை கிட்டத்தட்ட முழுசாக மூடியது, பட்டையில் 96. மருமகள் கண் கலங்கிவிட்டார். எனக்கும் பெரிய சந்தோஷம். இரண்டு வாரத்தில் இவ்வளவு குறைகிறதே, ஆய்வில் வந்ததைவிட இரண்டு மடங்காயிற்றே, ஏன் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். நல்ல செய்தியைக் கேள்வி கேட்க மனசு வருவதில்லை.

மஞ்சள் பை

ஐந்தாவது சிட்டிங்குக்கு மருமகளுக்குப் பதில் மகன் கூட்டிக்கொண்டு வந்தார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றார் அம்மா, பி.பி. 104/66. என்ன மாத்திரை போடுகிறார் என்று பார்க்க எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். கல்யாண வீட்டு மஞ்சள் பை ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார்.

பி.பி. மாத்திரையும் லெட்ரோசோலும் ஒரே கடையில், ஒரே பில்லில், முப்பது முப்பதாக வாங்கியவை. பி.பி. மாத்திரையில் 4 மீதி. லெட்ரோசோலில் மூன்று அட்டை. இரண்டு பிரிக்கவே இல்லை, மூன்றாவதில் இரண்டு குழிகள் மட்டும் காலி. பில் தேதியைப் பார்த்தேன். என்னிடம் முதல்முறை வந்த நாளுக்கு இரண்டு நாள் முந்தியது.

"இத எப்பம்மா நிறுத்தினீங்க?"

"உங்ககிட்ட வந்த அன்னைக்கேதான். அக்குபங்சர் பார்த்தா இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடக் கூடாதாமே. சாப்பிட்டா ஊசி வேலை செய்யாதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நீங்களும் அதையேதான் சொல்வீங்கன்னு நினைச்சேன்."

மகன் அதிர்ந்துபோய் அம்மாவைப் பார்த்தார். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் வருவதற்கு முன்னால் ஊசி இல்லாமல் விரலால் தொட்டே அக்குபங்சர் பார்க்கும் தொடு சிகிச்சைக்காரர் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தவர். அங்கே கேட்டதைத்தான் நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். நம் ஊரில் அக்குபங்சர் என்ற பெயரோடு "மருந்தே வேண்டாம், பரிசோதனையே வேண்டாம்" என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. தெரிந்திருந்தும், என் கிளினிக் வாசலில் அக்குபங்சர் என்று பலகை தொங்கும்போது உள்ளே வருபவர் அந்தப் பேச்சையும் மனசில் சுமந்துகொண்டு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இடது கையில் பிரஷர் பார்க்கக் கூடாது என்று ஒருவர் சொன்னதை எப்படிக் காப்பாற்றினாரோ, அதே பயபக்தியோடுதான் இதையும் காப்பாற்றியிருக்கிறார். நிறுத்தாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையும் காப்பாற்றியிருப்பார்.

நாலு வாரம் மாத்திரை இல்லை. லெட்ரோசோலை நிறுத்தினால் சில வாரங்களில் மூட்டுவலி தானாகவே இறங்கும். 7-லிருந்து 3-க்கு இறங்கியதில் என் ஊசிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் சொல்லவே முடியாது. பெரும்பங்கு மாத்திரை நின்றதுதான் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவு

அன்று ஊசி போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மாவும் மகனும் நானும் அரை மணி நேரம் பேசினோம். திட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன், திட்டினால் அடுத்த தடவை மறைப்பார். "வலி குறைஞ்சது மாத்திரை நின்னதால இருக்கலாம். அந்த மாத்திரைதான் நோய் திரும்ப வராம காவல் காக்குது. காவல்காரன அனுப்பிட்டு வீடு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்ட மாதிரி ஆயிடுச்சு, நானும் சேர்ந்துதான்" என்றேன். அவர் அழுதார். மறுபடி அந்த வலியா என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வலி திரும்ப வரும், ஆனால் இந்த முறை தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் அனுமதியோடு அங்கேயே புற்றுநோய் மருத்துவருக்குப் போன் செய்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே நாலு வார இடைவெளி கிடைத்துவிட்டதால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம், ஒருவருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டு என்று அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம் எழுதினார். அதுவும் முடியாவிட்டால் வலியைக் குறைக்க டுலோக்ஸெட்டின் மாத்திரை சேர்ப்பது, இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜனை வேறு விதமாகத் தடுக்கும் டமாக்சிஃபெனுக்குப் போவது. பி.பி. மாத்திரையின் அளவை உள்ளூர் மருத்துவர் குறைத்தார்.

அதற்குப் பின்

ஏப்ரல் மூன்றாவது வாரம் அனஸ்ட்ரோசோல் ஆரம்பம், ஊசிக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். எதிர்பார்த்தபடியே வலி ஏறியது. மே நடுவில் 6. அந்த வாரம் "எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று ஒரு சிட்டிங்குக்கு வரவில்லை. மருமகள் போன் செய்தார், நானும் பேசினேன். அடுத்த சிட்டிங்குக்கு வந்தார்.

மே கடைசியில் 5, ஜூன் நடுவில் 4. காலை விறைப்பு கால் மணி நேரமாகக் குறைந்தது. கையை மூடினால் ஒரு விரல் இடைவெளி, பட்டையில் 80. சாயங்காலம் அரை மணி நடைப்பயிற்சியும் சேர்த்திருந்தோம், இந்த வலிக்கு உடற்பயிற்சி உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஜூன் கடைசியில் சோலெட்ரோனிக் ஆசிட் போட்டதும் மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு முழுக்க வலியும், அந்த வாரம் மறுபடி 7. இப்படி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை, தானாகவே இறங்கியது. பக்கவிளைவு என்று பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு தடவை ரத்தம் கட்டி நீலமானது, அவ்வளவுதான். இடது கை வீங்கவில்லை.

ஜூலையிலிருந்து வாரம் ஒன்று, செப்டம்பரிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒன்று, டிசம்பரோடு நிறுத்தினோம். வலி 3-க்கும் 4-க்கும் நடுவில் நிலைத்தது. மார்கழியில் வாசலில் ஏழு புள்ளிக் கோலம் போட்டதாகச் சொன்னார். பழைய பெரிய கோலங்கள் இல்லை. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழை இழுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லையாம்.

2025 ஏப்ரலில் ஒரு வருடம் முடிந்தபோது அனஸ்ட்ரோசோலில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

எது எதனால்

இரண்டாவது சுற்றில் 6-லிருந்து 4-க்கு இறங்கியதற்கு ஊசி ஒரு காரணம் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வைட்டமின் டி ஏறியது, நடைப்பயிற்சி, மாத்திரை மாறியது, வாரம் இரண்டு முறை ஒருத்தி உட்கார்ந்து கை வலியைக் காதுகொடுத்துக் கேட்டது, எல்லாமே ஒரே சமயத்தில் நடந்தவை. ஒரு நோயாளியை வைத்து இவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வலி 4 ஆனாலும் 5 ஆனாலும், அவர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிற அளவுக்கு அது தாங்கக்கூடியதாக இருந்ததா இல்லையா? புற்றுநோயில் அக்குபங்சர் செய்யக்கூடிய வேலை அந்த அளவுதான், அது சின்ன வேலையும் இல்லை. கட்டியைக் கரைக்கும், நோயைத் திரும்ப வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முதல் நாலு வாரத்தில் என் கிளினிக்கில் நடந்தது அந்த வேலைக்கு நேர் எதிரானது. நான் விரும்பிச் செய்யவில்லை, ஆனால் என் பலகையை நம்பித்தான் அது நடந்தது.

மாற்றிக்கொண்டவை

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் யார் வந்தாலும் முதல் நாள் முதல் வார்த்தையாக, "இங்க வர்றதுக்காக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, ஊசிக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்ல" என்று சொல்கிறேன், கூட வந்தவர் காதிலும் விழும்படி. அதையே தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து சிட்டிங் அட்டையின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு" என்று கேட்கிறேன், பையையும் கொண்டுவரச் சொல்கிறேன். வலி எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கினால் அன்றைக்கே காரணம் தேடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் பேசினேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடந்ததைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் கடிதத்திலேயே புற்றுநோய் மருத்துவரிடம், வலிக்காக இந்த அம்மா மாத்திரையை நிறுத்திவிடக்கூடும் என்ற சந்தேகத்தையும் நான் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அங்கேயும் ஒருவர் கேட்டிருப்பார். இப்போது அனுப்பும் கடிதங்களில் அதற்கென்று ஒரு வரி வைத்திருக்கிறேன்.

மோதிர விரல் இன்னும் மாட்டிக்கொள்கிறது. எலும்பு மருத்துவர் அதில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். அடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனை 2026 மார்ச்சில்.